பெரியவருக்குப் போர்த்தாத பொன்னாடை

1

போன திங்கட்கிழமை விடியக்காலமை வேலைக்கு வெளிக்கிடும்போது அலுமாரியைத் திறந்தால் பொன்னாடையைக் காணவில்லை. பன்னிரண்டு வருசமாக மேல்தட்டில், என் மனுசி புனிதாவின் கூறைச்சேலைக்குப் பக்கத்தில், கடையில் தந்த அதே உறையோடு கிடந்த சாமான். கூறைச்சேலை இருக்கிறது. என்னுடைய பழைய வேட்டி இருக்கிறது. பொன்னாடை மட்டும் இல்லை.

"இஞ்சருங்கோ, விடியமுன்னம் அலுமாரியைப் போட்டுக் கிளறுறியள். என்ன தேடுறியள்?" என்று மனுசி குசினியில் நின்று சத்தம் போட்டா.

"பொன்னாடை எங்கயப்பா?"

"அது அங்கதானே கிடக்கு."

"கிடந்தா நான் ஏன் கேக்கிறன்?"

அவ ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தா. "ஐயோ, ஓம், காணேல்ல" என்றா. இரண்டு பேருமாக நின்று அலுமாரியில் இருந்த முழுவதையும் கட்டிலில் இழுத்துப் போட்டோம். நேரமோ போகிறது. பஸ் ஓட்டுகிறவன் நான்; நான் போனால்தான் அது வெளிக்கிடும். கடைசியில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெறுங்கையோடு இறங்கினன்.

திருகோணமலையில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு, ஒரு துண்டுச் சால்வைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று இருக்கும். அது ஒரு மனுசனுக்கென்று வாங்கினது. அவருக்கு அதைப் போர்த்துவதற்கு இருந்த கடைசி நாள் அன்றைக்குத்தான். பின்னேரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு, தெற்கே மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார் என்று இங்கத்தைப் பேப்பரில் போட்டிருந்தது. அவருக்கு வயது எண்பதுக்குக் கிட்ட. இனி நான் அவரை எங்கே கண்டு பிடிக்கிறது?

அவருடைய பேரை எழுதவில்லை. பெரியவர் என்றே சொல்கிறன். இந்த நாட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டசபை இருக்கிறது. நான் இருக்கிற இந்தக் குளிர் ஊர் எங்கட மாநிலத்தின் தலைநகரம். இங்கத்தைச் சட்டசபையில் பெரியவர் நாற்பது வருசத்துக்கு மேல் இருந்தவர். அதில் பாதிக்காலம் சபை முதல்வர். எந்தச் சட்டம் முதலில் வரவேணும், எது பிறகு வரவேணும், எது வரவே கூடாது என்று பார்க்கிற கதிரை அது. எத்தனையோ ஆளுநர்மார் வந்து போய்விட்டார்கள், பெரியவர் மட்டும் அந்தக் கதிரையில் அப்படியே இருந்தார். போன திங்கள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, புது ஆட்கள் சத்தியப்பிரமாணம் எடுக்கிற நேரம், அவருடைய காலம் முடிகிறது.

நான் லீவு கேட்டனான். அன்றைக்கு நகரத்துக்குள் சனம் கூடும், ஒருவருக்கும் லீவு இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

2

நான் இங்கே வரமுன்னம் திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் கடலில் ஓடின லோஞ்சில் டிக்கெட் கொடுத்தவன். இப்போது பாலம் வந்து, கார்ப்பெட் ரோட்டு வந்து, பிள்ளைகளுக்கு லோஞ்ச் என்றால் என்னவென்றே தெரியாது என்கிறார்கள். அந்தக் காலத்தில் கொட்டியாரக்குடாவைத் தாண்ட வேற வழி இல்லை. ஆடு, அரிசி மூட்டை, பிள்ளைத்தாச்சி, பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும் ஒரே பலகையில்தான் இருந்து போவினம். அந்த லோஞ்சில் தினம் வந்து போன மூதூர் ஆஸ்பத்திரி நேர்ஸ் ஒருவருக்கு நான் மிச்சக்காசு கொடுக்க மறந்து மறந்து, கடைசியில் அவவையே கலியாணம் செய்துகொண்டனான். ஊரில் அவவை எல்லாரும் புனிதா மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவினம்.

இங்கே வந்து முதல் பனிக்காலம் முடியமுன்னமே எனக்கு பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்துவிட்டது. கடலில் இருந்து ரோட்டுக்கு ஏறினனான், அவ்வளவுதான். சட்டசபைக் கட்டடத்துக்கு முன்னால் போகிற பாதை எனக்கு. ஒரு நாள் காலமை, பனி கொட்டிக்கொண்டிருக்க, நெடுத்த கிழவன் ஒருவர் ஏறி, பயண அட்டையைத் தட்டிவிட்டு, எனக்கு நேர் பக்கத்து முன் கதிரையில் இருந்தார். அவர் இறங்கிப் போன பிறகு ஒரு பெண், "அவர்தான் சபை முதல்வர், தெரியாதா? பனிக்காலத்தில் கார் ஓட்டமாட்டார்" என்றாள். எங்கட ஊரில் ஒரு எம்.பி. பஸ்ஸில் ஏறுகிறார் என்றால் தேர்தல் வருகிறது என்று அர்த்தம். அதுவும் படம் எடுக்கிறவன் முதலே ஏறி இருப்பான்.

அடுத்த நாளும் ஏறினார். "எந்த ஊர்?" என்று கேட்டார்.

"ஸ்ரீலங்கா, ஐயா."

"அதில் எந்த இடம்?"

இதை அதுவரைக்கும் இங்கே ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. திருகோணமலை என்றன். "ஆழமான துறைமுகம். என்னுடைய சித்தப்பா ஒருவர் யுத்தக் கப்பலில் அங்கே வந்து நின்றவர். அவ்வளவு நீலத் தண்ணியைத் தான் பிறகு காணவில்லை என்று சாகும்வரைக்கும் சொன்னவர்" என்றார். கடவுளே, இந்தப் பனிக்குள் ஒரு வெள்ளைக்காரன் எங்கட துறைமுகத்தின் தண்ணியைப் பற்றிக் கதைக்கிறான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரோட்டைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினனான்.

பிறகு மனுசி என்ன வேலை என்று கேட்டார். அங்கேதான் எல்லாம் தொடங்கினது.

புனிதா மூதூர் ஆஸ்பத்திரியில் பதினொரு வருசம் மிஸ்ஸி. இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் கோப்பை கழுவினா. நேர்ஸாக வேலை செய்யிறதென்றால் மாநிலத்துத் தாதியர் போர்ட்டில் பதியவேணும். அவர்கள் பயிற்சிப் பாடசாலையில் இருந்து முத்திரை வைத்த பதிவு கேட்டார்கள். அந்தப் பாடசாலை சண்டைக் காலத்தில் இடம் மாறி மாறி, புனிதாவின் ஆண்டுப் பதிவுகள் இருந்த பெட்டி எங்கேயோ போய்விட்டது. அவவிடம் இருந்த பிரதியைச் சுனாமியன்று கடல் கொண்டு போய்விட்டது. "பதிவு இல்லை" என்று பாடசாலை எழுதிக் கொடுத்த கடிதத்தை அனுப்பினோம். போர்ட் திரும்பவும் அதே படிவத்தை அனுப்பினது. "பதிவை இணைக்கவும்." மூன்று தரம் அனுப்பினோம், மூன்று தரமும் அதே படிவம். புனிதா ஒரு நாள் அதை நாலாக மடித்து மேசைக் காலுக்குக் கீழே வைத்தா. மேசை ஆடிக்கொண்டிருந்தது, அதற்காவது உதவட்டும் என்றா.

இதை எல்லாம் ஓட்டை இங்கிலீசில் பெரியவருக்குச் சொன்னன். ஊரில் என்றால் எம்.பி. ஒரு கடிதம் தருவார், அல்லது ஃபோன் எடுத்து ஆரையாவது ஏசுவார். அதைத்தான் நானும் எதிர்பார்த்தனான். அவர் தலையை ஆட்டினார். "போர்ட்டில் பிழை இல்லை. சட்டத்தில் உங்கட மனைவி போகிறதுக்கு வாசல் இல்லை. கதவில்லாத சுவரில் போய்த் தட்டி என்ன செய்கிறது? ஒரு வாசல் வெட்டவேணும்" என்றார். சட்டைப்பையில் இருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து எழுதினார்.

வடிவாகக் கதை சொல்லிச் சமாளிக்கிறார் என்று அன்றைக்கு நான் நினைத்தனான்.

3

அவர் வெட்டின வாசல் ஒரே ஒரு வரி. வேற நாட்டில் படித்த தாதியின் பதிவுகள் போரினாலோ இயற்கை அழிவினாலோ இல்லாமற் போயிருந்தால், அவரோடு வேலை செய்த இரண்டு பேரின் சத்தியக் கடதாசியை ஏற்று, இங்கத்தைச் சோதினையை எழுத விடலாம். அவ்வளவுதான். அந்த ஒரு வரி சட்டமாக நாலு வருசம் பிடித்தது.

எனக்குக் காலமையும் பின்னேரமும்தான் ஓட்டம், நடுவில் மூன்று மணித்தியாலம் சும்மா. அந்த நேரத்தில் நான் சட்டசபையின் மேல்மாடத்தில் போய் இருப்பன். ஆரும் போய் இருக்கலாம், ஒரு சதம் கேட்கமாட்டார்கள். முதல் நாள் கோணேசர் கோயிலுக்குள் போகிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டுதான் ஏறினனான். கீழே பளிங்குத் தூண், பித்தளை விளக்கு, வரிசை வரிசையாக மேசை. அதற்குள் என்னுடைய பஸ்ஸில் வருகிற மனுசன்!

அவர் பெரிய பேச்சுப் பேசி நான் கண்டதே இல்லை. மற்றவர்கள் எழும்பி நின்று கையை ஆட்டிக் கத்துவார்கள். பெரியவர் மேசைகளுக்கு நடுவால் நடப்பார். ஆரிடமாவது ஒன்று கேட்கவேணுமென்றால், அந்த ஆறடி உடம்பை வளைத்து, முழங்காலை மடித்து, கதிரையில் இருக்கிற ஆளின் முகத்துக்குக் கீழே தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு கதைப்பார். நேற்று வந்த பெடியன் என்றாலும் அப்படித்தான். கேட்கிறவன் உயரத்தில் நிற்கக் கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேணும். நான் மேலே இருந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தனான்.

முதல் வருசம் அந்த வரி குழுவிலேயே படுத்துவிட்டது. இரண்டாம் வருசம் கீழ்ச்சபை தாண்டினது, மேல்சபை எடுக்கமுன்னம் அந்த வருசக் கூட்டத்தொடர் முடிந்தது. மூன்றாம் வருசம் இரண்டு சபையும் தாண்டினது. எங்கட வீட்டில் கேசரி கிண்டினோம். அது சேர்ந்திருந்த பெரிய சட்டம் பிடிக்கவில்லையென்று ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. புனிதா மிச்சக் கேசரியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தா.

ஒவ்வொரு தோல்வியின் பிறகும் பெரியவர் பஸ்ஸில் ஏறி, "அடுத்த வருசம்" என்று மட்டும் சொல்வார். எனக்கு விசர் பிடிக்கும். சபை முதல்வர், மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தால் முடியாதா?

நாலாம் வருசம் வாக்கெடுப்பன்று பார்த்தால், அந்த வரியை எழுப்பினது எதிர்க்கட்சிக்காரன். பெரியவருடைய பேரே அதில் இல்லை. வாயைத் திறக்காமல் பின்னால் இருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, கடைசியில் கைவிட்டுவிட்டாரே என்று. வரி நிறைவேறினது. வெளியில் அவருடைய செயலாளர் அம்மாவிடம் ஏன் இப்படி என்று கேட்டனான். அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. "அவருடைய பேர் இருக்கும்வரைக்கும் அந்தப் பக்கம் ஒருவரும் கை உயர்த்தமாட்டார்கள். அதனால் தன் பேரை வெட்டிவிட்டு எதிர்க்கட்சிக்காரரிடம் கொடுத்தார்" என்றா.

நான் படிக்கட்டில் அப்படியே இருந்துவிட்டன். எங்கட ஊரில் ஒரு கிணறு கட்டினாலும் பேர்க்கல் கிணற்றைவிடப் பெரிசாக இருக்கும்.

சத்தியக் கடதாசிகள் ஊரில் இருந்து வந்தன. ஒன்று மூதூர் நஃபீஸா மிஸ்ஸியுடையது. அவவும் புனிதாவும் ஒரே வார்ட்டில் வேலை செய்தவர்கள். இளைப்பாறி இருந்தவ, முழங்கால் நோவோடு சமாதான நீதவான் வீட்டுக்கு இரண்டு தரம் நடந்திருக்கிறா. "உண்மையைச் சொல்ல எனக்கென்னத்துக்குப் பயம்? நாங்க ரெண்டு பேரும் ஒரே ராவில ஏழு பிள்ளை பிறப்பிச்சனாங்க" என்று ஃபோனில் சிரித்தா. புனிதா சோதினை எழுதி, அந்த மாரியிலேயே திரும்பவும் மிஸ்ஸி ஆனா.

4

நன்றி சொல்லவேணும். சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போகிறதா? எங்கட பக்கம் பெரிய மனுசருக்கு மரியாதை செய்கிறதென்றால் பொன்னாடைதான். கனடாவில் இருக்கிற மச்சானுக்குச் சொல்லி, குங்குமச் சிவப்பில் அகலக் கரை போட்டதாக ஒன்று எடுப்பித்தன்.

பொன்னாடைக்கும் எனக்கும் பழைய உறவு உண்டு. இறங்குதுறைச் சங்கத்தில் இருந்த காலத்தில், ஒரு அமைச்சர் மூதூருக்கு வரும்போது பொன்னாடை பிடிக்கிற வேலை என்னுடையது. நெரிசலில் அதில் பிளேன்ரீயைக் கொட்டிவிட்டனான். கறையை உள்ளுக்கு மடித்துப் போர்த்திச் சமாளித்தோம். அடுத்த வருசம் வேற அமைச்சர். சங்கச் செயலாளர் கடையில் புதுப் பொன்னாடை வாங்கி வந்து விரிக்கிறார், அதே பிளேன்ரீக் கறை! முதல் வந்த அமைச்சரின் ஆட்கள் பொன்னாடைகளைக் கட்டாகக் கட்டிக் கடைக்கே திருப்பி விற்றிருக்கிறார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். புது அமைச்சருக்கும் அதையே போர்த்தினோம்.

ஆனால் இது அப்படி இல்லை. இதை மனம் நிறைந்து வாங்கினனான். வெள்ளைச் சேட் போட்டு, புனிதா தட்டில் பழமும் எடுத்துவர, பெரியவரின் அறைக்குப் போனோம். எங்களைக் கண்டதும் எழும்பி வந்தார். நான் பொன்னாடையை விரித்துப் பிடித்து, தலையைக் குனிய வேணும் என்று சைகை காட்டினன். மனுசன் சிரித்துக்கொண்டு குனிந்தார்.

"வேண்டாம்!" என்று செயலாளர் அம்மா கத்தினா. நான் கையைத் தூக்கினபடி நிற்கிறன். அவர் குனிந்தபடி நிற்கிறார். புனிதாவின் தட்டில் இருந்து ஒரு தோடம்பழம் உருண்டு மேசைக்குக் கீழே போனது.

சபையால் பயன் பெற்ற ஆளிடம் உறுப்பினர் ஒன்றும் வாங்கக் கூடாதாம். பெரியவர் மெல்ல நிமிர்ந்து, அந்தத் துணியின் கரையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னன்.

"இதை நான் வாங்கினால், நாளைக்கு ஆராவது அந்த வரியை விலைக்கு வாங்கின வரி என்று சொல்லலாம். உங்கட மனைவி அப்படி ஒரு வரியால் நேர்ஸாக வேண்டாம். இதைப் பத்திரமாக வைத்திருங்கள். நான் இந்தக் கதிரையை விட்டு இறங்கின அன்றைக்கு வாங்குவன்" என்றார். கொப்பியை எடுத்து எழுதினார்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. நீட்டின பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கிறதென்பது எங்கட ஊரில் கன்னத்தில் அறைந்த மாதிரி. வழி நீளம் புறுபுறுத்துக்கொண்டு வந்தனான். புனிதாதான், "சும்மா இருங்கோ. அந்த மனுசன் எனக்காகத்தான் சொன்னவர்" என்று சொல்லி, அதை அலுமாரி மேல்தட்டில் வைத்துப் பூட்டினா. எழுதின மனுசன் பன்னிரண்டு வருசம் கதிரையை விட்டு இறங்கவில்லை. நானும் காத்துக்கொண்டிருந்தனான்.

5

மகள் தாரணியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல ஏலாது. இங்கே வரும்போது அவளுக்கு எட்டு வயது, இப்போது இருபத்திநாலு. தமிழ் எல்லாம் விளங்கும், பதில் மட்டும் இங்கிலீசில்தான் வரும்; அவள் சொன்னதை இங்கே நான்தான் தமிழாக்கி எழுதுகிறன். நஃபீஸா மிஸ்ஸி ஃபோன் எடுத்தால் "சுகமா இருக்கிறீங்களா?" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு ஃபோனைத் தாயிடம் தள்ளிவிடுவாள். இப்போது தனியாக வீடெடுத்து இருக்கிறாள், ஞாயிறு ஞாயிறு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

போன வருசம் மாரியில், பெரியவருக்கு எதிராக அவருடைய கட்சிக்குள்ளேயே ஒரு இளம் பெண் போட்டி போட வெளிக்கிட்டாள். தாரணி அவளுக்காக வீடு வீடாகப் போகிறாளாம்! சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சர்வசாதாரணமாகச் சொல்கிறாள்.

"உனக்கு நன்றி எண்டது இருக்கா பிள்ளை? அந்த மனுசன் இல்லாட்டி உன்ர அம்மா இண்டைக்கும் கோப்பை கழுவிக்கொண்டுதான் நிண்டிருப்பா!"

அவள் கத்தவில்லை. மெல்லத்தான் சொன்னாள். "அப்பா, ஒரு வரிக்கு நாலு வருசம். அந்த நாலு வருசமும் சனிக்கிழமை சனிக்கிழமை நான் அம்மாவோட அந்த இல்லத்துக்குப் போனனான். ஒரு நாள் சாப்பாட்டு அறையில ஒரு பாட்டி புரையேறி விழுந்தவ. அம்மாக்கு என்ன செய்யோணும் எண்டு தெரியும். ஆனா குசினி ஆள் தொடக் கூடாது. ஈரக்கையோட சுவரில சாஞ்சு நிண்டவ. வேற ஆள் ஓடி வரும்வரைக்கும் அம்மான்ர முகத்தை நான் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்குப் பத்து வயசு."

புனிதா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. இந்தக் கதை எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனாலும் நான் விடவில்லை. "அவர் தன்ர பேரை வெட்டிக் குடுத்தவர்" என்றன். அவள் ஃபோனைத் தட்டிச் சட்டசபைப் பதிவைக் காட்டினாள். எதிர்க்கட்சிக்காரனின் பேர்தான் இருந்தது. "அவர் செய்தவர் எண்டதுக்கு அத்தாட்சி எங்க, அப்பா? அது அவற்ர செயலாளர் சொன்ன கதை." என்னிடம் அத்தாட்சி இல்லை. பதிவு இல்லையென்றால் நடக்கவில்லை என்று போர்ட் சொன்னது, இப்போது என் பிள்ளையும் அதையே சொல்கிறாள். எழும்பிப் போ என்று சொல்லிவிட்டன். அவள் போய்விட்டாள். மூன்று ஞாயிறு வரவில்லை.

நாலாவது ஞாயிறு வந்தாள். கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். முந்தின நாள் அவளுக்குக் கொடுத்த வீட்டுப் பட்டியலில், ஆரோ பார்க்காமல் விட்டு, பெரியவரின் வீடும் இருந்திருக்கிறது. இவள் தட்டியிருக்கிறாள், அவர் திறந்திருக்கிறார்.

"பிறகு?" என்றா புனிதா.

"ஓடிடுவம் எண்டு நினைச்சன். அவர் சொல்லும் எண்டார். முழுக்கச் சொன்னன். உங்களுக்கு எதிரா ஏன் வாக்குப் போடோணும் எண்டு அவருக்கே சொன்னன். அம்மான்ர கதையையும் சொன்னன், இரண்டு தரம் தோத்த சட்டம் எண்டு. ஒருக்காலும் குறுக்க பேசேல்ல. முடிச்ச பிறகு, 'ஒரு திருத்தம், மூன்று தரம் தோத்தது' எண்டார். 'நாலு வருசம் பிழை. உங்கட இடத்தில நிண்டால் நானும் இதைத்தான் சொல்லுவன்' எண்டார்."

"பேர் வெட்டினதைக் கேட்டியா?" என்றன்.

"கேட்டன்." கோட்டுப் பொத்தானைத் திருகினாள். "'கஷ்டமான வேலையைச் செய்தது அந்த எதிர்க்கட்சி மனுசன்தான், எனக்குப் பக்கத்தில நிண்டு கை உயர்த்த வேண்டி இருந்தது அவருக்கு' எண்டார். பிறகு அம்மா இப்ப எந்த வார்ட்டில எண்டு கேட்டார்."

ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, பாருங்கோ. தாரணியைப் பார்த்தன். இனி விட்டுவிடுவாள் என்று நினைத்தன். அவள் அடுத்த சனிக்கிழமையும் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு அந்த இளம் பெண்ணுக்காகக் கதவு தட்டப் போனாள்.

வசந்த காலத்தில் பெரியவர் தான் இனித் தேர்தலில் நிற்கவில்லை என்று அறிவித்தார். அந்தப் பெண் வென்றாள். தாரணிக்கு அவளுடைய அலுவலகத்தில் வேலை. நானும் மகளும் கதைக்கிறதுதான், காலநிலையும் சாப்பாடும். பெரியவர் என்ற சொல்லை மட்டும் எங்கட மேசையில் ஒருவரும் எடுப்பதில்லை.

6

அந்தத் திங்கட்கிழமைக்கு வருவம். மத்தியானம் பன்னிரண்டரைக்கு என்னுடைய பஸ் சட்டசபைத் தரிப்பிடத்துக்கு வருகிறது. கட்டடத்தின் முன்பக்கம் முழுக்கச் சனம், பூ, கமரா, எல்லாம் புது ஆட்களுக்கு. தரிப்பிடத்தில் ஒரே ஒரு ஆள். கறுப்பு ஓவர்கோட்டு, கையில் ஒரு மட்டைப்பெட்டி. நாற்பது வருசத்துச் சாமான் ஒரு மட்டைப்பெட்டிக்குள் அடங்கியிருந்தது.

கதவைத் திறந்தன். பெட்டியை இடுப்பில் தாங்கிக்கொண்டு அட்டையைத் தட்டினார். வழக்கமான முன் கதிரையில் பெட்டியை வைத்தார், ஆனால் இருக்கவில்லை. சட்டைப்பைக்குள் கையை விட்டு அந்தக் கொப்பியை எடுத்தார். அதே கொப்பியோ, அந்த மாதிரி வேற ஒன்றோ, எனக்குத் தெரியாது. ஒரு பக்கத்தை என்னிடம் காட்டினார். என் பேரும், பக்கத்தில் "சிவப்புச் சால்வை, நான் இறங்கின பிறகு" என்றும் எழுதியிருந்தது.

"அரை மணித்தியாலத்துக்கு முதல் இறங்கிவிட்டன். இன்னும் வைத்திருக்கிறீர்களா?" என்றார்.

பன்னிரண்டு வருசம்! நான் சிலநேரம் மறந்த நாளும் உண்டு. அந்த மனுசன் மறக்கவில்லை. எனக்கு இங்கிலீசு முழுக்கப் போய்விட்டது. "காணேல்ல ஐயா" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு தடுமாறி, காலமை அலுமாரியில் தேடினதை எல்லாம் கையைக் காட்டிச் சொன்னன். அவர், பரவாயில்லை, பரவாயில்லை என்று என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு என்னை இன்னும் அழப் பண்ணிவிட்டது. பின்னால் சனம் பார்க்கிறது. நேரம் போய்விட்டது. கதவைச் சாத்தினன்.

படபடவென்று ஆரோ கதவில் அடிக்கிற சத்தம். சாத்தின கதவை இந்த வேலையில் திரும்பத் திறக்கக் கூடாது. பார்த்தால் தாரணி. பனிக்குள் கோட்டும் இல்லாமல், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, மூச்சு வாங்க நிற்கிறாள். கையில் அந்தப் பொலித்தீன் உறை.

திறந்தன்.

"ஃபோன் எடுத்தன், நீங்க ஓஃப் பண்ணி வச்சிருக்கிறீங்கள்" என்றாள். இங்கிலீசில் இல்லை. தமிழில். "உங்களுக்கு லீவு கிடைக்காது எண்டு எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனனான். உள்ள வச்சுக் குடுப்பம் எண்டு பாத்தன், அவர் பக்கக் கதவால வெளிக்கிட்டிட்டார்."

"நீயா பிள்ளை எடுத்தனீ? அவருக்கு எதிரா..."

"ஓம், எதிராத்தான் வேலை செய்தனான். திரும்பவும் செய்வன்." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "அதுக்கும் இதுக்கும் என்னப்பா? இது அம்மான்ர."

உறையைக் கிழித்து, விரித்து, என் மடியில் வைத்தாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடாகத் தெரிந்தது. சிவப்பு மங்கவில்லை.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். ஓட்டத்தின் நடுவில் நான் ஆசனத்தை விட்டு எழும்ப ஏலாது. பெல்ட் கட்டியிருக்கிறது, பக்கத்தில் அட்டை தட்டுகிற பெட்டி, அதற்கு அங்கால் அந்த நெடுத்த மனுசன். என்னுடைய கை அவருடைய நெஞ்சுக்குத்தான் எட்டும். "எனக்கு எழும்ப அனுமதி இல்லை, ஐயா" என்றன்.

பெரியவர் சிரித்தார். "விதி என்றால் விதிதான்" என்றார். பிறகு அந்த ஆறடி உடம்பை வளைத்து, முழங்காலை மடித்து, அட்டை தட்டுகிற பெட்டிக்கு மேலால் தலையைக் கொண்டுவந்து, என் முகத்துக்குக் கீழே குனிந்தார். மேல்மாடத்தில் இருந்து நாலு வருசம் நான் பார்த்த அதே குனிவு. இரண்டு தோளையும் மூடிப் போர்த்திவிட்டன். ஒரு பக்கம் நீளமாகவும் மற்றப் பக்கம் கட்டையாகவும் வந்துவிட்டது. தாரணி எட்டி அதை இழுத்துச் சரிசெய்தாள்.

பிறகு பின்னால் ஆரோ கை தட்டினார்கள், என்னத்துக்கென்று தெரியாமலே.

அவர் கறுப்பு ஓவர்கோட்டுக்கு மேலே குங்குமச் சிவப்போடு முன் கதிரையில் இருந்தார். தாரணி வேலைக்குத் திரும்பிப் போகவேணும், ஆனால் இறங்கவில்லை. அவருடைய மட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். என்ன கதைத்தார்களோ தெரியாது, நான் ரோட்டைத்தான் பார்த்தனான். அவருடைய தரிப்பிடம் வந்ததும் சால்வையைக் கழற்றாமல் அப்படியே இறங்கி, பனிக்குள் நடந்து போனார்.

அன்றைக்கு என்னுடைய பஸ் ஆறு நிமிசம் பிந்தினது. பதினாறு வருசத்தில் நான் காரணம் இல்லாமல் பிந்தினதில்லை. பின்னேரம் டிப்போவில் படிவம் தந்தார்கள். தாமதத்துக்குக் காரணம்: பனி, விபத்து, பயணிக்குச் சுகமில்லை, வேறு. நான் 'வேறு' என்றதில் அடையாளம் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த கோட்டில் எழுதினன்: நன்றி சொல்லிக்கொண்டு நின்றனான்.